குளிருக்கு ஆகாத நொதி: காரைக்குடியில் டிரிப்டோபனேஸ் தயாரித்த அனுபவம்

புரதங்களோடு வேலை செய்யத் தொடங்கும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரப்படும் பழக்கம், எதையும் ஐஸில் வைத்துக்கொள்வதுதான். காரைக்குடியில் ஆய்வு செய்யும் நாங்கள் இந்தப் பழக்கத்தை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கடைப்பிடிக்கிறோம். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் மேசைமேல் வைத்த பஃபரே (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) வெதுவெதுப்பாகிவிடும் என்பதால், ஐஸ் பெட்டியைக் கையில் எடுக்காமல் எந்த மாணவரும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் தயாரிக்க வேண்டியிருந்த டிரிப்டோபனேஸ் என்ற பாக்டீரிய நொதியோ, ஐஸில் வைத்தால் செயலிழந்துவிடும் குணம் கொண்டது. அந்த ஒரு குணத்துக்காகவே தயாரிப்பு முறையின் பெரும்பகுதியை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. நொதியை ஏராளமாக உற்பத்தி செய்வது இந்த வேலையில் எளிய பாதி; உற்பத்தியானதைச் செயல்திறன் குறையாமல் காப்பாற்றுவதுதான் கடினமான பாதி. முதுகலை முடித்துவிட்டு இத்தகைய வேலையில் இறங்கும் தம்பி, தங்கைகளுக்கு உதவும் என்பதால் அந்த இரண்டாம் பாதியையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

டிரிப்டோபனேஸ், டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை இண்டோல், பைருவேட், அம்மோனியா என்று உடைக்கிறது. நுண்ணுயிரியல் படித்தவர்கள் பெயர் தெரியாமலே இதன் வேலையைப் பார்த்திருப்பார்கள். ஈ. கோலையை அடையாளம் காணச் செய்யும் இண்டோல் சோதனையில், கோவாக்ஸ் கரைசலை விட்டதும் மேற்பரப்பில் சிவப்பு வளையம் தோன்றுவதற்குக் காரணம் இந்த நொதிதான். பால் புரதமான கேசீனிலிருந்து டிரிப்டோபானை 1901-இல் பிரித்தெடுத்த ஹாப்கின்ஸும் கோலும், பாக்டீரியா இண்டோலை உண்டாக்குவது இந்த அமினோ அமிலத்திலிருந்துதான் என்பதை 1903-இல் காட்டினார்கள். நொதி தனியே இயங்குவதில்லை, வைட்டமின் பி6-இன் செயல்வடிவமான பிரிடாக்சால் பாஸ்பேட் உடனிருந்தால்தான் இயங்கும் என்பதை 1947-இல் வுட், கன்சாலஸ், அம்பிரைட் ஆகிய மூவரும் நிறுவினார்கள். இந்தத் துணைநொதியை ஆய்வகத்தில் பிஎல்பி என்றே சொல்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஈ. கோலையின் டிரிப்டோபனேஸ் 471 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. ஒரு சங்கிலியின் எடை ஏறத்தாழ 53 கிலோடால்டன். நான்கு சங்கிலிகள் ஒன்றுகூடினால்தான் அது நொதியாக வேலை செய்யும். ஒவ்வொரு சங்கிலியிலும் 270-ஆம் இடத்திலுள்ள லைசினோடு ஒரு பிஎல்பி மூலக்கூறு பிணைந்திருக்கும். இவற்றோடு பொட்டாசியம் அயனியும் வேண்டும். அம்மோனியம் அயனியும் அந்த இடத்தை நிரப்பும், ஆனால் சோடியம் நிரப்பாது. நால்வர் கூட்டு, பிஎல்பி, பொட்டாசியம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், ஒன்று நழுவினால் மற்றவையும் நழுவத் தொடங்கும். பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைப்பவை.

எங்களுக்கு இந்த நொதி எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இண்டோல் வெறும் கழிவுப் பொருள் அன்று. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் சமிக்ஞை மூலக்கூறு. உயிரிப்படலம் உருவாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. தாவரச் சாறுகளில் இந்த நொதியைத் தடுக்கும் சேர்மங்கள் இருக்கின்றனவா என்று தேடுவதுதான் எங்கள் வேலை. நொதியின் செயல்திறன் திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வியாழக்கிழமை வேறு மாதிரியும் இருந்தால், குறைந்தது சாற்றினாலா நொதியின் தளர்ச்சியினாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நிறைய நொதி இருப்பதைவிட, ஒரே சீரான நொதி இருப்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

மரபணுவை எடுத்து ஒட்டிய கதையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஈ. கோலையின் மரபணுவைப் பிசிஆர் மூலம் பெருக்கி, மரபணுவை இயக்கும் டி7 புரோமோட்டர் உள்ள பெட் வகைப் பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்), பின்னால் நொதியைப் பிரித்தெடுக்க உதவும் ஆறு ஹிஸ்டிடின் வாலோடு சேர்த்து, வரிசையைச் சரிபார்த்து, பிஎல்21(டிஇ3) என்ற வழக்கமான ஓம்புயிரி பாக்டீரியாவில் ஏற்றினோம். சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. இந்த ஓம்புயிரியும் ஈ. கோலைதான்; அதற்குச் சொந்தமாகவே டிரிப்டோபனேஸ் உண்டு. பாக்டீரியாவை வளர்க்கும் எல்பி ஊடகத்திலுள்ள டிரிப்டோன், கேசீனை நொதியால் செரித்துப் பெறுவது என்பதால் அதில் டிரிப்டோபான் அழியாமல் இருக்கும். குளுக்கோஸ் இல்லாத நிலையில் அந்த டிரிப்டோபானே பாக்டீரியாவின் சொந்த மரபணுவைத் தூண்டிவிடும். அமிலத்தால் செரித்த கேசீனில் டிரிப்டோபான் சிதைந்துவிடுகிறது. இண்டோல் சோதனைக்கு அது பயன்படாததன் காரணம் இதுவே.

எனவே, நம் பிளாஸ்மிட் உள்ள கல்ச்சரில் (பாக்டீரியா வளர்ப்பில்) கோவாக்ஸ் கரைசலை விட்டுச் சிவப்பு வந்ததும் நொதி வந்துவிட்டது என்று மகிழ்வதில் பொருள் இல்லை. மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிடை ஏற்றிய கல்ச்சரும் அதே சிவப்பைக் காட்டும். வெற்றுப் பிளாஸ்மிட் கல்ச்சரை ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே வளர்த்து, இரண்டையும் ஒரே புரத அளவுக்குச் சமப்படுத்தி, செயல்திறனை எண்ணாக ஒப்பிட வேண்டும். சொந்த நொதியின் சங்கிலியும் நம் வால் வைத்த சங்கிலியும் கலந்து நால்வர் கூட்டாகச் சேரவும் கூடும் என்பதால், ஹிஸ்டிடின் வாலைப் பிடித்து நொதியைப் பிரித்தெடுக்கும் நிக்கல் காலம் (column, ரெசின் நிரப்பிய குழாய்) அதை முழுவதும் விலக்கிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. முந்தைய இரவு வளர்க்கும் கல்ச்சரில் 1 விழுக்காடு குளுக்கோஸ் சேர்த்தால், தூண்டுவதற்கு முன்பே நொதி கசிவதும் சொந்த நொதி உருவாவதும் குறையும். இதே நொதியின் மரபணு நீக்கப்பட்ட ஓம்புயிரி கிடைத்தால் அதுவே சிறந்தது.

தூண்டும் கட்டத்தில் நாங்கள் கடைப்பிடித்தது மிக எளிய முறை. கல்ச்சர் 600 நானோமீட்டரில் 0.6 அளவு ஒளியடர்த்தியை எட்டியதும் வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 30-க்குக் குறைத்து, மரபணுவைத் தூண்டிவிடும் ஐபிடிஜியை 0.5 மில்லிமோலார் அளவுக்குச் சேர்த்து, நான்கு மணி நேரம் ஷேக்கரில் விட்டோம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஷேக்கர் நின்றால் செல்கள் அடியில் படிந்து, காற்று கிடைக்காமல், அடுத்த நாள் கிடைக்கும் நொதியின் அளவை ஊகிக்கவே முடியாதபடி செய்துவிடும். அறுவடை நேரத்தில் குடுவையின் பஞ்சு மூடியைத் திறந்தால் வரும் வாடை இண்டோலின் வாடை. நீர்த்த நிலையில் மல்லிகைப் பூவின் மணத்தில் பங்கு வகிக்கும் அதே பொருள், அடர்ந்து வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கிறது. எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் அந்த நாட்களில் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு உங்க வேலைதானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

பஃபரில்தான் முதல் பெரிய மாற்றம் தேவைப்பட்டது. புரத ஆய்வகங்களில் கைபோன போக்கில் எடுக்கும் டிரிஸ் பஃபர் இந்த நொதிக்கு ஏற்றது அன்று. டிரிஸ் ஓர் அமீன். பிஎல்பி ஓர் ஆல்டிஹைடு. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் என்பதால், நொதிக்கு என்று நாம் விடும் பிஎல்பியில் ஒரு பங்கைப் பஃபரே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே பாஸ்பேட் பஃபரைத்தான் எடுக்க வேண்டும், அதிலும் பொட்டாசியம் பாஸ்பேட். நிக்கல் காலத்துக்கான செய்முறைகள் பெரும்பாலும் 300 முதல் 500 மில்லிமோலார் வரை சோடியம் குளோரைடு போடச் சொல்லும்; அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைப் போட வேண்டும். பலரும் கவனிக்காமல் விடுவது இதற்கு அடுத்த படி: பிஎச் சரிசெய்யும்போது மேசைமேல் எப்போதும் தயாராக இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு குப்பியை எடுக்காமல், பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தனியாகக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிஎல்பியைக் கரைத்தால் கரைசல் அமிலமாக மாறும் என்பதால், அதைச் சேர்த்தபின் பிஎச்சை மறுபடியும் பார்க்க வேண்டும். அது வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் பழுப்புக் குப்பியில், மேலே அலுமினியத் தாள் சுற்றி வைக்க வேண்டும்.

மின்வேதியியல் படித்த நண்பர் ஒருவரிடம் இந்தப் பொட்டாசியம் பிடிவாதத்தைச் சொன்னபோது, சோடியம் அயனி சிறியது, அந்த இடத்தில் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்று ஒரே வரியில் விளக்கிவிட்டார். தண்ணீருக்கும் இது பொருந்தும். சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையைப் பற்றிக் காரைக்குடிக்காரர்கள் எவ்வளவு பெருமைப்பட்டாலும், அது குடிப்பதற்கும் காப்பி போடுவதற்கும் உரியது. பஃபருக்குக் காய்ச்சி வடித்து, அயனி நீக்கிய நீர்தான் வேண்டும். கண்ணாடிப் பொருட்களைக் கடைசியாக அலசும் நீரும் அதுவாகவே இருக்க வேண்டும்.

செல்களை உடைக்கும்போது ஐஸைத் தவிர்க்க முடியாது. ஒலியதிர்வால் செல்லை உடைக்கும் சோனிகேட்டர் முனையில் உண்டாகும் சூடு எந்தப் புரதத்தையும் கெடுத்துவிடும். ஆனால் பஃபரில் 0.1 மில்லிமோலார் பிஎல்பியும் 100 மில்லிமோலாருக்குக் குறையாத பொட்டாசியமும் இருந்தால், அந்தச் சில நிமிடக் குளிரை நொதி தாங்கிக்கொள்கிறது. பத்து நொடி இயக்கி இருபது நொடி ஓய்வு கொடுக்கும் முறையில் உடைத்துவிட்டு, உடனே ஐஸிலிருந்து எடுத்துவிடுவோம். சென்ட்ரிஃபியூஜை வழக்கமான 4 டிகிரியில் வைக்காமல் 18 டிகிரியில் வைத்துக்கொள்வோம். குளிர் இல்லாத இடத்தில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ்கள் வேகமாக வேலை செய்யும் என்ற அச்சம் நியாயமானது. அவற்றைத் தடுக்கச் சேர்க்கும் பிஎம்எஸ்எஃப், நீரில் கலந்தபின் ஒரு மணி நேரம்கூட முழுமையாகத் தாங்காது என்பதால், செல்லை உடைப்பதற்குச் சற்று முன்புதான் அதைச் சேர்க்க வேண்டும். இந்த அச்சத்துக்கு உண்மையான மருந்து வேகம்தான்: மதியம் தொடங்கினால் அன்று மாலைக்குள் காலத்திலிருந்து நொதி வெளியே வந்துவிட வேண்டும்.

இந்த வேலையில் கண்ணுக்கு விருந்தான பகுதி அந்தக் காலம்தான். பிஎல்பி பிணைந்த டிரிப்டோபனேஸ் 420 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் மஞ்சளாகத் தெரியும். நீலப்பச்சை நிறமான நிக்கல் ரெசினின் தலையில் அந்த மஞ்சள் மெல்லிய பட்டையாகப் படியத் தொடங்கி, உடைத்த செல்களின் கரைசலான லைசேட் இறங்க இறங்கத் தடித்து, ரெசினின் மேற்பகுதியைக் கிளிப்பச்சையாகக் காட்டும். கழுவும் பஃபரை விடும்போது பட்டை அசையாது. 250 மில்லிமோலார் இமிடசோல் உள்ள பஃபரை விட்டதும் அது மொத்தமாக நகர்ந்து, கீழே குழாய் முனையில் எலுமிச்சை மஞ்சளாகச் சொட்டத் தொடங்கும். எந்தக் குழாயில் நொதி இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மஞ்சளாக இருப்பதெல்லாம் நொதி அன்று. பஃபரில் நாம் சேர்த்த பிஎல்பியும் மஞ்சள்தான். உப்பு நீக்கும் காலத்தில் ஒருமுறை ஓட்டியபின் நிறமாலையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தனித்த பிஎல்பி 388 நானோமீட்டரில் உச்சம் காட்டும். நொதியோடு பிணைந்தது 337, 420 ஆகிய இரண்டு இடங்களில் உச்சம் காட்டும்.

இந்த நிக்கல் காலத்தில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடியும் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏவும் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈடிடிஏ நிக்கலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். டிடிடி ரெசினைப் பழுப்பாக்கிவிடும். நொதியின் தயால் (கந்தகத்) தொகுதிகளுக்கோ ஆக்சிஜனேற்றத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதால், 5 மில்லிமோலார் பீட்டா மெர்காப்டோஎத்தனாலோடு நிறுத்திக்கொண்டு, காலத்தை விட்டு வெளியே வந்தபின் டிடிடிக்கு மாறினோம்.

சோடியத்தை விலக்கிப் பொட்டாசியத்துக்கு மாறியவர்களுக்கு, புரதத்தின் சுத்தத்தைப் பார்க்க ஜெல் ஓட்டும்போது ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. ஜெல்லுக்கு முன் புரதத்தை விரிக்கச் சேர்க்கும் எஸ்டிஎஸ் என்பது சோடியம் டோடெசில் சல்பேட். பொட்டாசியம் நிறைய உள்ள மாதிரியில் அது பட்டதும், கரையாத பொட்டாசியம் டோடெசில் சல்பேட்டாக மாறி, பால் திரிந்தது போல் குழாயில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி நிற்கும். கொதிக்கும் நீரில் வைத்தால் கரைந்துவிட்டதாகத் தோன்றும். ஜெல்லில் விடுவதற்குள் ஆறி மறுபடியும் கட்டிவிடும். அப்படி விட்ட கிணறுகளில் பட்டை இழுத்துக்கொண்டு கோணல்மாணலாக ஓடும்; பக்கத்துப் பட்டைகளையும் கெடுத்துவிடும். மாதிரியில் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் இல்லாத பஃபருக்கு மாற்றியோ, டிசிஏ என்ற அமிலம் கொண்டு புரதத்தை வீழ்படிவாக்கிக் கழுவியோ ஜெல்லுக்கு அனுப்ப வேண்டும். ஜெல்லுக்குப் போகும் பகுதியில் செயல்திறன் அழிந்தாலும் கவலை இல்லை.

இனி குளிரின் கதை. ஒரே நாளில் பிரித்தெடுத்த நொதியை இரண்டு குழாய்களில் பகிர்ந்து, பிஎல்பி சேர்க்காமல், ஒன்றை ஐஸிலும் மற்றதை 25 டிகிரி அறையிலும் இரவு முழுவதும் வைத்துப் பார்த்தோம். மறுநாள் ஜெல்லில் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே தடிமனில், ஒரே சுத்தமான பட்டையாக நின்றன. செயல்திறனை அளக்க எஸ்ஓபிசி என்ற செயற்கைப் பொருளைப் பயன்படுத்தினோம். நொதி அதை உடைக்க உடைக்க 370 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறைந்துகொண்டே வரும். அறையில் வைத்த குழாயின் கோடு தொடக்கத்திலிருந்தே நேராகச் சரிந்தது. ஐஸில் வைத்த குழாயின் கோடு ஏறக்குறையச் சமதளமாகத் தொடங்கி, நிமிடங்கள் செல்லச் செல்ல மெல்ல வளைந்து, பின்னரே சரியத் தொடங்கியது. அளவிடும் கலவையில் பிஎல்பியும் பொட்டாசியமும் வெதுவெதுப்பும் கிடைத்ததும், பிரிந்து கிடந்த நொதி அளவிடும் அந்தச் சிறு குவெட்டுக் குப்பிக்குள்ளேயே மறுபடியும் கூடிக்கொண்டிருந்தது என்பதே அந்த வளைவின் பொருள்.

இதன் காரணம் நன்கு ஆராயப்பட்டதுதான். நால்வர் கூட்டைப் பிடித்து வைப்பதில் நீரை விலக்கும் பரப்புகளின் ஈர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. வெப்பநிலை தாழத் தாழ அந்த ஈர்ப்பு வலுவிழக்கிறது. 2 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் பிஎல்பி நழுவி, நான்கு சங்கிலிகளின் கூட்டு இரண்டு இரண்டாகப் பிரிகிறது. நல்வேளையாக இது மீளக்கூடிய மாற்றம். எஸ்டிஎஸ் ஜெல்லோ எந்தக் கூட்டையும் பிரித்துத் தனிச் சங்கிலியாக்கித்தான் ஓட்டுகிறது என்பதால், கூடியிருந்த நொதிக்கும் பிரிந்திருந்த நொதிக்கும் அதில் வேறுபாடே தெரியாது. அறிக்கைகளில் அழகான ஒற்றைப் பட்டையைக் காட்டி நொதி தயார் என்று முடிக்கும் வழக்கத்தின்மேல் எனக்கு அன்றிலிருந்தே நம்பிக்கை இல்லை. சுத்தம் ஒரு கேள்வி, உயிர்ப்பு வேறு கேள்வி. இரண்டாவதற்கு நிறமாலையும் வினைவேகமும் மட்டுமே பதில் சொல்லும்.

ஆய்வகத்துக்குப் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, வெளியே இருந்த குழாயைப் பார்த்துப் பதறி, "அக்கா, இதை ஐஸ்ல வைக்க மறந்துட்டீங்க" என்று எடுத்து வைக்கப் போனாள். நல்ல பழக்கம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு டிரிப்டோபனேஸ் குழாய்களுக்கு என்று ஒரு தனித் தாங்கியை ஒதுக்கி, "ஐஸ் வேண்டாம்" என்று தடித்த மார்க்கரில் எழுதி ஒட்டினோம். ஒரே ஆய்வகத்தில் பலர் புழங்கும்போது, இத்தகைய விலக்குகள் நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. குழாயின் மேலேயே இருக்க வேண்டும்.

அப்படியானால் நாட்கணக்கில் எப்படிச் சேமிப்பது? கரைசலாக அறை வெப்பத்தில் வைத்தால் நுண்ணுயிர்களும் புரோட்டியேஸ்களும் விடமாட்டா. கிளிசரால் சேர்த்து உறையவைத்தால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் போகும். எங்களுக்குக் கைகொடுத்தது பழைய முறையான அம்மோனியம் சல்பேட்தான். நொதிக் கரைசலில் பிஎல்பி சேர்த்து, அறை வெப்பத்திலேயே அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, 60 விழுக்காடு செறிவுக்குக் கொண்டுவந்தால் மஞ்சள் வீழ்படிவு இறங்கும். அந்தக் குழம்பை அப்படியே சிறு குழாய்களில் பகிர்ந்து, வெளிச்சம் படாமல் குளிர்பெட்டியில் வைத்தோம். வீழ்படிவாக இருக்கும் வரை குளிர் அதை அதிகம் பாதிக்கவில்லை, வாரக்கணக்கில் தாங்கியது. அம்மோனியம் அயனியும் இந்த நொதிக்கு நட்பானது என்பது கூடுதல் வசதி. ஆனால் நொதியின் விளைபொருள்களில் அம்மோனியாவும் ஒன்று என்பதால், இப்படிச் சேமித்த நொதியை அம்மோனியாவை அளக்கும் முறைகளில் பயன்படுத்தக் கூடாது.

வேலை நாளன்று காலையில் ஒரு குழாயை எடுத்துச் சுழற்றி, வீழ்படிவை 100 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், 0.1 மில்லிமோலார் பிஎல்பி, 2 மில்லிமோலார் டிடிடி உள்ள பிஎச் 8 பஃபரில் கரைத்து, 37 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறோம். அதன்பின் தாவரச் சாறு எதையும் தொடும் முன், எஸ்ஓபிசியோடு ஓர் அளவீடு எடுத்து, கோடு முதல் நொடியிலிருந்தே நேராக இறங்குகிறதா என்று பார்க்கிறோம். வளைவு தெரிந்தால் நொதி இன்னும் முழுதாகக் கூடவில்லை என்று பொருள். மேலும் கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடியும் அளக்கிறோம். நேர்கோடு வந்த பின்பே சாறுகளைச் சோதிக்கத் தொடங்குகிறோம். ஏதேனும் ஒரு சாறு நொதியைத் தடுப்பதாகத் தெரிந்தால், பிஎல்பியின் அளவைப் பத்து மடங்காக்கி அதே சோதனையைத் திரும்பச் செய்கிறோம். அப்போது தடை மறைந்துவிட்டால், அந்தச் சாறு நொதியைத் தொடவே இல்லை, கரைசலிலிருந்த பிஎல்பியைத்தான் பிடித்து வைத்திருந்தது என்று குறித்துக்கொண்டு அடுத்த சாற்றுக்குப் போகிறோம்.